ஹெரால்டின் ஒற்றை மீட்டர்

1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் கார் அறிமுகமானது. இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த அழகான உடல். ஆனால் சலூன் வடிவத்தின் உள்ளே உட்கார்ந்து பார்த்தால், சாம்பல் நிற நார்ப்பலகையில் ஒரே ஒரு வட்டம். வேகம் காட்டும் ஸ்பீடோமீட்டர், அதற்குள்ளேயே பெட்ரோல் முள். ஹீட் மீட்டர் வேணும்னா தனியாகக் காசு கொடுக்கணும்.

இதில் வேடிக்கை, அதே ஹெரால்டின் கூப்பே வடிவத்தில் மூன்று தனித்தனி மீட்டர்கள் இருந்தன: வேகம், பெட்ரோல், சூடு. இரண்டிலும் அடிப்படையில் அதே 948 சி.சி. இன்ஜின்தான். கூப்பேயில் கார்புரேட்டர் இரண்டு. அதாவது எத்தனை மீட்டர் வைப்பது என்பதை இன்ஜின் தீர்மானிக்கவில்லை. விலைப்பட்டியல் தீர்மானித்தது.

1961-ல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர் ஆலையில் இந்தக் காரை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் செய்ய ஆரம்பித்தது. பனி பெய்யும் ஊரில் கூடுதல் வசதியாகக் கருதப்பட்ட ஹீட் மீட்டர், சித்திரை வெயிலில் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை இப்போ எழுதக் காரணம், ஆரணியில் நண்பர் ஒருவர் எடுத்திருக்கும் வேலை. பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் குடும்பம். அப்பா காலத்து ஹெரால்ட் ஒன்றை மறுபடி ஓட வைக்கிறார். "சார், டேஷ்போர்டுல அஞ்சு மீட்டர் வரிசையா வெச்சா எப்படி இருக்கும்? ஒரு லேஅவுட் போட்டுத் தாங்க" என்று கேட்டார். மென்பொருள்காரனிடம் கேட்டால் லேஅவுட் உடனே வரும்தான். ஆனால் பழைய பலகையில் 52 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால், அது போட்டதுதான். அதற்கு முன்னால், மீட்டர்கள் டேஷ்போர்டுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று தேடிப் பார்த்தேன்.

டேஷ்போர்டு என்ற சொல்லே காருக்கு முந்தியது. குதிரை வண்டியில், குளம்படியில் தெறிக்கும் சேறு ஓட்டுபவர் மேல் படாமல் இருக்க முன்னால் வைத்த பலகைக்கு அந்தப் பெயர். குதிரை போய் இன்ஜின் வந்ததும் பலகை மட்டும் தங்கிவிட்டது. எதையாவது மாட்டுவதற்கு வசதியான இடம் என்பதால் ஒவ்வொன்றாக அதில் ஏறிக்கொண்டன.

ஆரம்பத்தில் எதுவுமே இல்லை. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, சீட்டைத் தூக்கி டேங்கில் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் கொதிக்கிறதா என்று காட்ட அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் செருகிய தெர்மாமீட்டர் அது. ஓட்டுபவர் கண்ணாடி வழியாகத் தூரத்திலிருந்து படிக்க வேண்டும்.

வேகமானியின் கதை இன்னும் சுவாரசியம். ஜெர்மானியர் ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-ல் காப்புரிமை வாங்கிய முறைதான் ஹெரால்டிலும் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் ஒரு அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலேயே தன்னுடன் இழுக்கப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ, அங்கே முள். பேட்டரி கூட வேண்டாம். இங்கிலாந்தில் இந்த வேலையில் பெரிய பெயர் ஸ்மித்ஸ். அவர்கள் லண்டனின் கடிகார வியாபாரிகள். பழைய பிரிட்டிஷ் கார்களின் மீட்டர் முகப்புகள் கடிகாரம் மாதிரியே இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் ஆயில் பிரஷர் மீட்டர் வந்தது. இதன் உள்ளே இருப்பது 1849-ல் ஃபிரான்ஸின் யூஜின் போர்டான் நீராவி இன்ஜின்களுக்காகக் கண்டுபிடித்த வளைந்த குழாய். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரும், முள் நகரும். டைனமோ வந்தபோது ஆம்பியர் மீட்டர் வந்தது. ஆக ஒவ்வொரு மீட்டரும், இன்ஜினில் நம்ப முடியாத ஏதோ ஒன்றுக்காகப் போட்ட காவல்.

இன்ஜின்கள் நம்பகமானதும் காவலை எடுக்க ஆரம்பித்தார்கள். ஆயில் பிரஷர் மீட்டர் போய்ச் சின்ன விளக்கு வந்தது. ஆம்பியர் மீட்டர் போய் இன்னொரு விளக்கு. மலிவு, சுலபம். ஆனால் ஆயில் விளக்கு எரிய, அழுத்தம் பெரும்பாலும் 10 பி.எஸ்.ஐ.க்கும் கீழே விழ வேண்டும். ஹெரால்ட் இன்ஜின் சூடாகி ஓடும்போது இருக்க வேண்டியது 40-லிருந்து 60. நாற்பது, முப்பது, இருபது என்று மெல்ல இறங்குவதை விளக்கு சொல்லாது. எல்லாம் முடிந்த பிறகு சிவப்பாக எரியும்.

எத்தனை மீட்டர் என்பது போலவே, எந்த இடத்தில் என்பதையும் பெரும்பாலும் தொழிற்சாலையே முடிவு செய்தது. 1959-ன் மினி காரில் வேகமானி நட்டநடுவில் இருக்கும். ஸ்டியரிங் வலப்பக்கம் வைத்தாலும் இடப்பக்கம் வைத்தாலும் பலகையை மாற்ற வேண்டாம். நம்ம பழைய அம்பாசடர்களிலும் மீட்டர்கள் நடுவில்தான். பின்சீட்டில் உட்கார்ந்த பெரியவர்கள் எட்டிப் பார்த்து "மெதுவாப் போப்பா" என்று சொல்ல முடிந்தது அதனால்தான்.

சென்னைக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம், அதே ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000. இது இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடல். அதில் மீட்டர்கள் பலகைக்குள் பதிக்கப்படவில்லை. பலகையின் மேல் ஒரு தனிப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும். பயணி பக்கத்தில் ஒரு காற்றுத் துளை இருக்கும். ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் மாற்றினால், அதன் தண்டு அந்தத் துளை வழியாகவே வரும். பெட்டியைத் தூக்கி அங்கே வைத்துவிடலாம். மென்பொருளில் ஒரே நிரல், இரண்டு அமைப்புக் கோப்பு என்று சொல்வோமே, அதே சிந்தனை.

ஓட்டுபவரின் கண்ணை முதலில் வைத்து யோசித்தவர்கள் விமானக்காரர்கள். 1937-ல் பிரிட்டிஷ் விமானப்படை ஆறு அடிப்படைக் கருவிகளை ஒரே வரிசையில் எல்லா விமானங்களிலும் வைக்க முடிவு செய்தது. விமானம் மாறினாலும் கண் தேட வேண்டாம். போர் முடிந்த பிறகு, 1947-ல் அமெரிக்க உளவியலாளர்கள் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும், கருவிகளைத் தவறாகப் படித்த 270 அனுபவங்களை விமானிகளிடமிருந்து தொகுத்து ஆராய்ந்தார்கள். அதிகம் வந்த தவறுகளில் ஒன்று, பல முள் கொண்ட உயரமானியை 1000 அடி பிசகிப் படிப்பது. விமானி கவனக்குறைவானவர் என்று சொல்லிவிட்டுப் போகாமல், கருவி எப்படிக் காட்டுகிறது என்று கேட்டதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம்.

பந்தயக் கார்காரர்கள் செய்த தந்திரம் இன்னும் எளிமை. எல்லா மீட்டர்களையும் கொஞ்சம் திருகி மாட்டுவார்கள், இன்ஜின் சரியாக இருக்கும்போது எல்லா முள்ளும் நேர் மேலே பார்க்கிற மாதிரி. எண்களைப் படிக்கவே வேண்டாம். ஒரு முள் சாய்ந்திருந்தால் கண்ணில் பட்டுவிடும்.

இதையெல்லாம் வைத்து ஹெரால்டுக்கு வருவோம். ஐந்து வேண்டாம், மூன்று போதும் என்பது என் கணக்கு.

முதலில் ஹீட் மீட்டர். ஹெரால்டின் ஃபேன் இன்ஜின் பெல்ட்டில் ஓடுவது. ஆரணி பஜாரில் முகூர்த்த நாளில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் மெதுவாகச் சுற்றும், சூடு மட்டும் ஏறும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறும்போதும் இதே கவலை. இது ஸ்டியரிங்குக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆயில் பிரஷர். குழாய் வைத்த பழைய வகையில் சூடான ஆயிலே காருக்குள் வரும், கசிந்தால் ஓட்டுபவர் காலில். அதனால் மின்சார வகை நல்லது. விளக்கையும் எடுக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

மூன்றாவது வோல்ட் மீட்டர். ஆம்பியர் மீட்டர்தான் அந்தக் காலத்து அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சார்ஜ் ஆகும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகப் போக வேண்டும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் அதே பழைய ஒயரில் அதை ஓட்டினால் ஒயர் சுடும், தீப்பிடிக்கவும் செய்யும். வோல்ட் மீட்டருக்கு ஒரு மெல்லிய ஒயர் போதும். ஆல்டர்னேட்டர் சரியாக இருந்தால் 14-ஐ ஒட்டி நிற்கும், ஓடும்போதே 12-க்கு இறங்கினால் சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீட்டரும் அதன் சென்சாரும் ஜோடி. அமெரிக்க வகைப் பெட்ரோல் மீட்டர் 240-லிருந்து 33 ஓம் எதிர்பார்க்கும், ஜெர்மன் வி.டி.ஓ. வகை 10-லிருந்து 180. மாற்றிப் போட்டால் டேங்க் நிரம்பியிருக்கும்போது காலி என்று சொல்லும். அதேபோல, 1960-களின் நடுவிலிருந்து வந்த பல ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு 10 வோல்ட் தரும் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் தேவை. அதன் எர்த் விட்டுப்போனால் பெட்ரோலும் சூடும் ஒன்றாக ஏறி நிற்கும். இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னால் இன்ஜினைப் பிரிக்காதீர்கள், முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள்.

இனி, எங்கே வைப்பது. ஆரணிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தானைக்கு ஒரு புட்டா போட வேண்டுமென்றால் முதலில் கட்டம் போட்ட தாளில் டிசைன், அப்புறம் ஜக்கார்டு அட்டையில் துளை, கடைசியில்தான் தறி. அட்டையில் ஒரு துளை தவறினால் அந்த அட்டையை மாற்றிக்கொள்ளலாம். பலகைக்கு அந்த வசதி கிடையாது. எனவே கட்டத் தாளில் முழு அளவில் மூன்று 52 மி.மீ. வட்டம் வரைந்து, வெட்டி, அட்டையில் ஒட்டி, காரில் கட்டிவிட்டு இரண்டு நாள் ஓட்டச் சொன்னேன். இரவிலும் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் வளையம் எதை மறைக்கிறது, கண்ணாடியில் எது பிரதிபலிக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அந்த அட்டையின் இடம் டேஷ்போர்டில் அல்ல, அதற்குக் கீழே. ஏற்கனவே இருக்கும் ஸ்க்ரூக்களிலேயே தொங்கும் ஒரு தனித் தகடு. அந்தக் காலத்தில் கூடுதல் மீட்டர் போட்ட பலரும் இப்படித்தான் தகட்டில் மாட்டினார்கள். நாளைக்கு வேறு யாராவது கழற்ற நினைத்தால் நாலு ஸ்க்ரூவோடு முடிந்துவிடும்.

1970-களில் கோவையில் பிரைக்கால் நிறுவனம் வந்த பிறகு, வண்டி மீட்டர்கள் செய்வது தமிழ்நாட்டிலேயே பெரிய தொழிலாகிவிட்டது. நல்ல மீட்டர் இன்று சுலபமாகக் கிடைக்கும். ஆனால் 1960-களில் ஒரு கம்பெனி எதைக் காட்டலாம், எதைக் காட்ட வேண்டாம் என்று எடுத்த முடிவு, அந்த ஒற்றை வட்டத்தில் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. அதைத் துளைக்காமல் விட்டுவிட்டு, அவர்கள் காசு மிச்சம் பிடித்த ஹீட் மீட்டரை நாம் கீழே மாட்டிக்கொள்ளலாம்.