சக்கரத்தில் ஏற்றிய வர்த்திகள்

எங்கள் பள்ளிக் கோவிலில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்துக்கான வளையம் கட்டுவது நெடுங்காலம் என் பொறுப்பு. சவுக்குக் கிளையை வளைத்துச் சணலால் இறுக்கி, மூன்று ஊதா மெழுகுவர்த்திகளும், மூன்றாம் ஞாயிறுக்கென்று ஓர் இளஞ்சிவப்பு வர்த்தியும் நடுவோம். இது ஆதித் திருச்சபை வழக்கம் என்றே பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். அதன் உண்மைக் கதையை ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லாமல் நான் விட்டதில்லை.

யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லூத்தரன் சபைக்காரர் 1833-இல் ஹம்பர்க் அருகே ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்களாம். 1839-இல் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தில் வர்த்திகளை நிறுத்தினார். ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை வர்த்திகள், மற்ற நாள்களுக்குச் சின்னச் சிவப்பு வர்த்திகள். தினம் ஒன்றை ஏற்றுவார்கள். திருவருகைக்காலத்தின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சின்ன வர்த்திகளின் எண்ணிக்கையும் கூடவே மாறும். பச்சிலை சுற்றியது பிற்பாடுதான்.

கத்தோலிக்கக் கோவிலுக்குள் இந்த வளையம் வந்தது 1925-இல், கொலோன் நகரில். பிரிந்து நின்ற லூத்தரன் சபையின் பிள்ளைகளிடமிருந்து கத்தோலிக்கர்களான நாங்கள் பெற்றுக்கொண்ட சொத்து இது. எனக்கு அதில் பெருமைதான்.

கிறிஸ்து பிறப்புக் குடிலின் கதை இன்னும் பழையது: 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் அமைத்தது. எங்கள் பள்ளிக் குடிலுக்காகப் பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வுக்கு நடுவிலும் கொட்டாங்குச்சியில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதைத்துவிடுவார்கள். பத்து நாள் முன்பே விதைத்தால்தான் குடிலுக்குப் பயிர் கிடைக்கும்.