பை சுமந்தவர்கள் பந்தாடிய கதை

பந்தைக் குழியில் விழச் செய்யும் விளையாட்டு நமக்குப் புதியதன்று. தெருப்புழுதியில் குதிகாலைத் திருகிக் குழி செய்து, கோலியைச் சுண்டி விழச் செய்யாத சிறுவன் நம் நாட்டில் முன்பெல்லாம் அரியன். தடியால் அடித்துத் தொலைவில் பறக்கவிடும் கலையையும் கிட்டிப்புள் நமக்குக் கற்பித்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, நான்கு மைல் நடையையும் உடன் வைத்து, வாயிலில் ஒரு காவற்காரரை நிறுத்தி, உள்ளே வருவோருக்குச் சந்தாவும் விதித்தால் கிடைப்பது கோல்ப் ஆட்டம். இவ்வாறு நாம் கூறுவதைக் கேட்டால் ஸ்காட்லாந்து நாட்டவர் சற்றே சினங் கொள்ளக்கூடும். ஏனெனில், இவ்வாட்டம் அவர்களுடைய குலச்சொத்து.

அச்சொத்தின் பழமைக்கு அவர்கள் காட்டும் முதற் சான்றே ஒரு தடையுத்தரவு என்பது வேடிக்கை. 1457-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் பாராளுமன்றம், கால்பந்தையும் கோல்பையும் அறவே விலக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. இங்கிலாந்தோடு எந்த நாளும் போர் மூளலாம் என்றிருந்த காலத்தில், இளைஞர்கள் வில் பழகாமல் புல்வெளியில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தால் அரசன் பொறுப்பானா? 1491-இல் நான்காம் ஜேம்ஸ் மன்னனும் அத்தடையை வற்புறுத்தினான். அதே மன்னன் 1502-இல் தனக்கென்று கோல்ப் தடிகள் வாங்கியதற்கு அரண்மனைக் கணக்கில் பதிவு உள்ளது. விற்றவர் யார் தெரியுமா? பெர்த் நகரத்து வில் செய்யும் தச்சர்! வில்லுக்காக ஆட்டத்தைத் தடுத்த அரசன், வில் தச்சரிடமே ஆட்டத் தடியை வாங்கினான் என்றால், இந்த ஆட்டம் மனிதரைப் பிடித்தாட்டும் வகையை வேறு விளக்கவும் வேண்டுமோ?

ஸ்காட்லாந்தினர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலிலும் வாணிகத்திலும் கல்கத்தாவுக்கு வந்தபோது, இந்தப் பித்தையும் பெட்டியில் வைத்து எடுத்து வந்தனர். 1829-ஆம் ஆண்டில் அந்நகரை அடுத்த டம்டம்மில் ஒரு கோல்ப் கிளப் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அமைந்த முதல் கோல்ப் கிளப் அதுவே என்பர். அமெரிக்காவில் நிலைபெற்ற கிளப்புகள் 1880-களில்தான் தோன்றின என்பதை நினைத்தால், வங்காளத்துக் கொசுக்களுக்கு நடுவே பந்தடித்தவர்கள் நியூயார்க் செல்வர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முந்திக்கொண்டது புலனாகும். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியாரும் இந்தியா வந்ததை ஒட்டி 'ராயல்' என்ற அடைமொழியும் அக்கிளப்புக்குச் சேர்ந்தது. இந்நாட்டு அமெச்சூர் ஆட்டக்காரர்களின் போட்டி 1892-இல் அங்கே தொடங்கப்பெற்றது. உலகின் பழமையான போட்டிகளுள் ஒன்று என்று அதனைக் கூறலாம்.

அக்காலத்துப் பந்தும் ஒரு விநோதப் பொருளே. தோலைப் பையாகத் தைத்து, ஒரு தொப்பி நிறையக் கொள்ளும் இறகை வேகவைத்து உள்ளே திணித்து இறுக்கிச் செய்வர். கைதேர்ந்த தொழிலாளியும் ஒரு நாளில் சில பந்துகளே செய்ய முடியும். ஆகையால் தடியைவிடப் பந்துக்கு விலை அதிகம். மழையில் நனைந்தால் தையல் பிரிந்து, அடித்தவர் முகத்தின்முன் இறகுகள் பறக்கும். 1848-ஐ ஒட்டி மலாய் நாட்டு மரமொன்றின் பாலை உறையவைத்துச் செய்த பந்து வந்தது. விலையும் இறங்கிற்று. விலை இறங்கியதால் ஆட்டமும் பரவிற்று. அரசர்கள் சட்டத்தால் தடுக்க முடியாததை விலைதான் இத்தனை காலமும் தடுத்து வைத்திருந்தது போலும்!

கல்கத்தாவிலிருந்து இவ்வாட்டம் பம்பாய்க்கும் பங்களூருக்கும் சென்றது. வெயிலுக்கு அஞ்சிய துரைமார்களோடு உதகைக்கும் கொடைக்கானலுக்கும் மலையேறிற்று. சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தய வட்டத்தின் நடுவிலே இடம்பிடித்தது. சிம்லாவை அடுத்த நால்தேராவின் அழகில் மயங்கிய கர்சன் பிரபு, 1904-இல் பிறந்த தம் மூன்றாம் மகளுக்கு அந்த ஊரின் பெயரையே இட்டார். புல் வளராத வறண்ட ஊர்களில், குழியைச் சுற்றிய இடத்தில் மணலோடு எண்ணெயைக் கலந்து பரப்பிச் சமன் செய்து ஆடினர். பசும்புல் தரைக்கு ஆங்கிலத்தில் நிறத்தால் 'கிரீன்' என்று பெயர். இந்த எண்ணெய் மணலுக்கு அவ்வாறே நிறத்தால் 'பிரௌன்' என்று பெயரிட்டுக்கொண்டு மனநிறைவு அடைந்தனர்.

கல்கத்தா மைதானத்தைப் பற்றி ஆட்டக்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. மரங்களிலிருந்த குரங்குகள் இறங்கி வந்து, ஓடும் பந்தை எடுத்து விளையாடிவிட்டு மனம்போன இடத்தில் போட்டுச் செல்லுமாம். வேலி போட்டுப் பார்த்தனர், விரட்டியும் பார்த்தனர். ஒன்றும் பலிக்காமற் போகவே, 'குரங்கு போட்ட இடத்திலிருந்தே பந்தை ஆடுக' என்று விதி செய்துவிட்டனராம். கதையின் மெய்ம்மைக்கு நாம் பிணை நிற்க மாட்டோம்.

இனி இக்கதையின் மெய்யான நாயகர்களிடம் வருவோம். கோல்ப் ஆடுபவர் தம் தடிகளைத் தாமே சுமப்பது அரிது. பதினான்கு தடிகள் வரை கொண்ட பையைத் தோளிலே மாட்டிக்கொண்டு உடன் நடக்க ஒருவர் வேண்டும். அவரை ஆங்கிலத்தில் 'கேடி' என்பர். நம் ஊர்ப் போலீஸ் ஏட்டில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டாதலால், நேர்மையாக உழைக்கும் அம்மனிதருக்கு அப்பெயரிட நமக்கு மனம் வரவில்லை. 'பை சுமப்பவர்' என்றே இங்குக் குறிப்போம். இந்திய மைதானங்களில் இன்னொரு வகையினரும் இருந்தனர். பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல முன்னாலே ஓடிச் சென்று நிற்கும் சிறுவர்கள் அவர்கள். முன்னே என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லைக் கொண்டு அவர்களை 'ஆகேவாலா' என்று அழைத்தனர். கல்கத்தா மைதானத்தில் குளங்கள் மிகுதி. குளத்தில் விழுந்த பந்துக்காக மூழ்கி எழுந்ததும் இத்தகைய சிறுவர்களே.

இவர்கள் அந்த மைதானத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அறிந்தவர்கள். காற்று எப்பக்கம் அடிக்கிறது, புல் எப்பக்கம் சாய்கிறது, எத்தனை கெஜத்துக்கு எந்தத் தடி என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். துரை தவறான தடியைக் கேட்டால், சரியான தடியைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும் பண்பும் அவர்களிடம் உண்டு. இத்தனை தெரிந்தும் அவர்கள் அங்கே ஆட முடியாது. பல கிளப்புகளில் வாரத்தில் ஒரு நாள், கனவான்கள் வராத நாளில், பை சுமப்பவர்களுக்கு மைதானம் திறந்துவிடப்பட்டது. அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளும் கண்ணாலே கற்றனர். காசு கொடுத்து ஆசானை அமர்த்திக் கற்றவர்களைவிட, இவ்வாறு கண்ணாலே கற்றவர்கள் ஒரு படி மேலாக அமைந்தது வியப்பன்று என்பது நம் கருத்து.

நாடு விடுதலை பெற்றபின் ஆட்டம் இந்தியர் கைக்கு வந்தது. 1955-இல் இந்தியக் கோல்ப் யூனியன் அமைந்தது. 1964-இல் ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் தாம்சனின் ஊக்கத்தால் 'இந்தியன் ஓபன்' போட்டி டில்லியில் தொடங்கியது. லோதி காலத்துக் கல்லறைகளும் மயில்களும் சூழ்ந்த மைதானம் அது. முதற் பரிசைத் தாம்சனே வென்றார். மறு ஆண்டு கல்கத்தாவில் பி.ஜி. சேத்தி வென்றார். பணத்துக்கு ஆடாத அமெச்சூர் ஆட்டக்காரர் அவர். தொழில்முறை வீரர்கள் பலரைப் பின்தள்ளிக் கோப்பையைப் பெற்றார். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் அக்கோப்பை இந்தியர் எவர் கைக்கும் வரவில்லை.

1991-இல் அக்குறை தீர்ந்தது. தீர்த்தவர் அலி ஷேர். டில்லி கோல்ப் கிளப்பில் பை சுமந்து வளர்ந்தவர் அவர். எந்த மைதானத்தில் பிறருடைய தடிகளைத் தூக்கி நடந்தாரோ, அதே மைதானத்தில், தம் நாட்டின் பெயரைத் தாங்கிய கோப்பையை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் ஆனார். இது ஒரு நாள் யோகம் என்று சொல்லியிருக்கக் கூடியவர்களுக்கு 1993-இல் மறுபடியும் வென்று விடையளித்தார்.

கல்கத்தாவிலோ, ராயல் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஒரு தொழிலாளியின் மகன், மைதானத்து ஓரத்திலேயே ஆட்டத்தைப் பயின்றார். எஸ்.எஸ்.பி. சௌராசியா என்பது அவர் பெயர். உயரமும் இல்லை, மலைக்கச் செய்யும் நீண்ட அடியும் இல்லை. ஆனால் குழிக்கு அருகே பந்தை மெல்லத் தட்டி வைப்பதில் அவருக்கு நிகர் மிகச் சிலரே. 2008-இல் ஐரோப்பியச் சுற்றைச் சேர்ந்த போட்டி டில்லியில் நடந்தபோது, உலகப் புகழ் பெற்ற வீரர்கள் பார்த்திருக்க அவர் வென்றார். இந்தியன் ஓபனில் பலமுறை இரண்டாம் இடத்தோடு திரும்பியவர், 2016-இலும் 2017-இலும் அடுத்தடுத்து அதனையும் கைப்பற்றினார். தந்தை நீர் பாய்ச்சிய புல்லில் மகன் பெற்ற கல்வி அது.

பை சுமந்த இந்தியர் ஒருவரின் கதை கடலுக்கு அப்பாலும் உண்டு. அதனைச் சொல்லாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கென்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்ட நம்மவரின் வழித்தோன்றல் செவ்சங்கர் செவ்கோலம். 'பாப்வா' என்று எல்லோரும் அழைப்பர். டர்பனில் பை சுமந்தே ஆட்டத்தைக் கற்றார். சொல்லிக் கொடுப்பார் இல்லாததால், எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாக, இடக்கையைக் கீழும் வலக்கையை மேலுமாகத் தடியைப் பிடித்தார். அந்தத் தவறான பிடியைக் கொண்டே 1959-இல் டச்சு ஓபன் போட்டியை வென்றார். 1960-இலும் 1964-இலும் மீண்டும் வென்றார். தாய்நாட்டிலோ நிறவெறிச் சட்டம். 1963-இல் நேட்டால் ஓபனை அவர் வென்றபோது, கிளப் கட்டடத்துக்குள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை. தோற்ற வெள்ளையர்கள் உள்ளே அமர்ந்திருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. 1965-இல் உலக வீரர் கேரி பிளேயரையே விஞ்சி அதே போட்டியை அவர் வென்றார். அடுத்த ஆண்டில் அரசாங்கம் அவருக்குப் போட்டிகளின் கதவையே சாத்திவிட்டது. ஆட்டத்தில் வெல்ல முடியாதவரைச் சட்டத்தால் வென்றனர்.

இளைஞர்களின் செய்தி இதைவிட இனியது. அரியானாவில் இஸ்ரானா என்ற சிற்றூரில், பால் வியாபாரியின் மகன் சுபம் ஜக்லான். ஊரில் தோன்றிய கோல்ப் பள்ளி விரைவில் மூடப்பட்டது. பையன் விடவில்லை, வயல்வெளியிலேயே பந்தடித்துப் பழகினான். 2015-இல் அமெரிக்காவின் சான்டியாகோவில் நடந்த சிறுவர் உலகப் போட்டியில், ஒன்பது, பத்து வயதுப் பிரிவின் கோப்பையோடு ஊர் திரும்பினான். தீக்ஷா தாகர் என்ற இடக்கை ஆட்டக்காரி பிறவியிலேயே செவிப்புலன் குறைந்தவர். 2019-இல், பதினெட்டு வயதில், தென்னாப்பிரிக்க மகளிர் ஓபனை வென்றார். மேலே நாம் கூறிய அதே தென்னாப்பிரிக்காவில் இந்தியப் பெண்ணொருத்தி கோப்பை பெற்றபோது மழையில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

பங்களூரின் அதிதி அசோக் ஐந்து வயதில் தடி பிடித்தவர். 2016-இல், பதினெட்டு வயதில், ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அப்போது பை சுமந்தவர் தந்தை. 2021-இல் நடந்தேறிய டோக்கியோ ஒலிம்பிக்கில் பை சுமந்தவர் தாய். உலக வரிசையில் இருநூறாம் இடத்தை ஒட்டி நின்ற இப்பெண், முதல் மூன்று நாளும் பதக்க இடத்திலேயே இருந்தார். ஆகஸ்டு 7-ஆம் நாள், விடியுமுன் எழுந்து தொலைக்காட்சியின்முன் அமர்ந்த நம் மக்களுள் பலர், 'பேர்டி' என்றால் பறவையா, புள்ளியா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டனர். குறித்த அடிகளுக்கு ஒன்று குறைவாக முடிப்பதே அச்சொல்லின் பொருள் என்று அறிந்து தெளிவதற்குள் ஆட்டம் பாதி முடிந்திருந்தது. இறுதியில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் அதிதி நான்காம் இடம் பெற்றார்.

அந்தப் போட்டி நடந்தது கசுமிகசேக்கி என்னும் கிளப்பில். பெண்கள் முழு உறுப்பினர் ஆகலாம் என்று அக்கிளப் இசைந்தது 2017-இல்தான். அதுவும் ஒலிம்பிக் குழுவினர் வற்புறுத்திய பிறகு. நான்கே ஆண்டுகள் கழித்து, அந்த மைதானத்தின் பதினெட்டுக் குழிகளையும் சுற்றி, நான்கு நாளும் பையைத் தோளில் சுமந்துகொண்டு ஓர் இந்தியத் தாய் மகளோடு நடந்து சென்றார்.