மூலாதாரமும் அதன் ‘சமநிலைக் குலைவும்’: கருத்தின் வரலாறு

மூலாதாரம் என்பது யோக மரபு கூறும் ஆறு ஆதாரங்களுள் முதலாவதாகும். இது முதுகுத்தண்டின் அடியில் இருப்பதாகக் கருதப்படுகிறது. காரணமற்ற அச்சம், பணக்கவலை, மலச்சிக்கல், இடுப்புவலி முதலியவை மூலாதாரச் சக்கரம் சமநிலை இழந்ததன் அறிகுறிகள் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்தப் பட்டியல் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் உருவானதாகும்.

பழைய நூல்களில்

வங்காளத்தைச் சேர்ந்த பூர்ணானந்தர் 1577இல் வடமொழியில் இயற்றிய ‘ஷட்சக்ர நிரூபணம்’ மூலாதாரத்தை நான்கு செவ்விதழ்கள் கொண்ட தாமரையாகக் காட்டுகிறது. அதன் நடுவில் உள்ள மஞ்சள் சதுரம் நிலத்தைக் குறிக்கும். குண்டலினி சுருண்டு உறங்குவது இங்கேதான். தமிழ் மரபில் மூலாதாரம் விநாயகருக்கு உரியது; ஔவையாரின் விநாயகர் அகவல் அதையும் குண்டலினியையும் பேசுகிறது. இந்நூல்களில் மூலாதாரம் தியானம் தொடங்கும் இடமே தவிர, நோய் கணிக்கும் கருவி அன்று.

அடையாற்றின் பங்கு

பிரம்மஞான சபை 1882இல் தன் தலைமையகத்தை அடையாற்றில் அமைத்தது. பூர்ணானந்தரின் நூலை ஜான் உட்ராஃப் 1919இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் சக்கரங்களைப் பற்றி எழுதிய நூல் 1927இல் அடையாற்றிலிருந்து வந்தது. தம் ஞானப்பார்வையில் கண்டதாக அவர் கூறிய வண்ணங்கள் பழைய வர்ணனையிலிருந்து வேறுபட்டன. 1932இல் கார்ல் யுங் சூரிச்சில் குண்டலினியை உளவியல் நோக்கில் விளக்கினார். 1970களில் மேலைநாடுகளில் ஏழு சக்கரங்களுக்கும் வானவில்லின் நிறங்கள் வரிசையாக வழங்கப்பட்டன. மூலாதாரம் முழுச் சிவப்பானது. 1987இல் வெளியான அனோடியா ஜூடித்தின் ‘வீல்ஸ் ஆஃப் லைஃப்’ போன்ற நூல்கள் உளவியல் விளக்கத்தைப் பரப்பின.

தாம்பரத்தில் சித்த மருத்துவம்

தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. சித்த மருத்துவம் கூறும் 96 தத்துவங்களில் ஆறு ஆதாரங்களும் அடங்கும். எனினும் அம்மருத்துவத்தில் நோய் கணிப்பது எண்வகைத் தேர்வின் வழியாகும்: நாடி, தொடுஉணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர். மூலாதாரத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யும் வழக்கம் இதில் இல்லை.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. மூலாதாரத் தியானம் மன அமைதி தரலாம். ஆனால் நீடிக்கும் மலச்சிக்கல், மலத்தில் இரத்தம், கால் மரத்துப்போகும் இடுப்புவலி, தூக்கத்தைக் கெடுக்கும் அச்சம் ஆகியவற்றைச் சக்கரக் கோளாறு என்று எண்ணித் தள்ளிப்போட்டால், உரிய சிகிச்சைக்கான காலம் கடந்துவிடும்.