எந்தக் கோரமண்டல்?

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளை ரயில்பாதையில் கோரமண்டல் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அங்கே இறங்கிக் கடலைத் தேடினால் கிடைக்காது. சோழமண்டலம் என்ற சொல் ஐரோப்பியர் வாயில் உருண்டு கோரமண்டல் ஆயிற்று. கிழக்குக் கடற்கரைக்குப் பேராயிற்று. பிறகு லண்டன் கம்பெனிகள் கோலார் தங்கவயலுக்கு வந்து மண்ணைக் குடைந்தபோது அந்தப் பேரில் அங்கே ஒரு சுரங்கமும் வந்தது. சுரங்கம் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஸ்டேஷனும் குடியிருப்பும் பேரை வைத்துக்கொண்டிருக்கின்றன.

இப்படி இரவல் பேர்கள் தங்கவயலில் நிறைய. நந்திதுர்க் என்றால் வெளியூர்க்காரருக்குச் சிக்கபள்ளாப்பூர் பக்கத்து மலை, தங்கவயல்காரருக்குச் சுரங்கம். பாலகாட் மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாவட்டம். இங்கே அதுவும் சுரங்கம். "அப்பா மைசூர்ல வேலை பார்த்தார்" என்று தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் வளர்ந்தவர் சொன்னால், தசரா அரண்மனையை யாரும் நினைப்பதில்லை. மைசூர் மைன் பக்கத்திலேயே இருக்கும்போது அவ்வளவு தூரம் போய் எதற்குத் தேட வேண்டும்?

பக்கத்தில் இருக்கும் பேர் தூரத்தில் இருக்கும் அதே பேரை மறைத்துவிடுகிறது. தங்கவயல் லைன் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த இந்த ஏற்பாட்டைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க, உலகின் கெட்டிக்கார மூளைகள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டன. நிரல்மொழிக்காரர்கள் ஸ்கோப் என்று சொல்வது இதைத்தான்: ஒரு பேர் எங்கிருந்து எங்குவரை செல்லும் என்ற எல்லை.

சண்டை என்னவென்று சொல்ல ஒரு கற்பனைக் கடிதம் போதும். தங்கவயலிலிருந்து மாமா, சென்னையில் இருக்கும் மருமகனுக்கு எழுதுகிறார்: "கோரமண்டல்ல எறங்கு, நான் வந்து இட்டுக்கினு போறேன்." எந்தக் கோரமண்டல் என்று கடிதத்துக்குள் விளக்கம் இல்லை. மாமாவுக்கு அது இரண்டு மைல் தள்ளி இருக்கும் ஸ்டேஷன். சென்னையில் அந்தப் பேர் 1977 முதல் கொல்கத்தா பக்கம் போகும் ரயிலுக்கு. அதே கடிதம் வழிதவறி நியூசிலாந்து போனால், அங்கே கோரமண்டல் என்றே ஓர் ஊரும் தீபகற்பமும் இருக்கின்றன. 1820-இல் மரம் வெட்ட வந்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் பேர் அது. கப்பலுக்குப் பேர் போனது நம் கடற்கரையிலிருந்து. 1852-இல் அங்கேயும் தங்கம் கிடைத்தது என்பது உபரி வேடிக்கை.

கடிதத்தில் வரும் பேருக்கு அர்த்தம், எழுதிய இடத்தைப் பொறுத்ததா, படிக்கிற இடத்தைப் பொறுத்ததா? கேட்டால் சிரிப்பீர்கள், எழுதிய இடம்தான் என்பீர்கள். கம்ப்யூட்டர் உலகம் அந்தப் பதிலுக்கு நேர்வழியில் வந்து சேரவில்லை.

முதலில் பேரே கிடையாது. இயந்திரத்துக்குத் தெரிந்தது நினைவகத்தின் அறை எண்கள் மட்டும். 1949-இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியபோது, ஒருவர் எழுதிய துணைநிரலை இன்னொருவர் எடுத்துச் சேர்த்தால் எண்கள் மோதின. அது நினைவகத்தில் எங்கே உட்கார்கிறதோ அதற்கேற்ப உள்ளே இருக்கும் முகவரிகள் தாமாக நகர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை டேவிட் வீலர் செய்தார். 1957-இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது, மனிதர் ஆறெழுத்துக்குள் ஒரு பேர் வைக்கலாம், எண்ணை, நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்ற நிலை வந்தது. ஆனால் முழு நிரலுக்கும் ஒரே கூடம். எல்லாப் பேரும் அங்கேயே. அடுத்த ஆண்டு வந்த ஃபோர்ட்ரான் இரண்டாம் பதிப்பு துணைநிரல்களுக்குத் தனித்தனி வீடு கட்டிக்கொடுத்தது. வீட்டுக்கு வீடு சுவர் இருந்தது. வீட்டுக்குள் அறை கிடையாது. இரண்டு வீட்டார் எதையாவது பங்கிட்டுக்கொள்ள வேண்டுமென்றால் பொதுப்பகுதி ஒன்றில் வரிசைப்படி வைக்க வேண்டும். பொருந்துவது வரிசை, பேர் அல்ல. ஒரே பொருளை ஒரு வீடு ஒரு பேரிலும் அடுத்த வீடு வேறு பேரிலும் அழைக்கலாம். இதனால் வந்த பிழைகளைத் தேடியவர்கள் பாவம்.

வீட்டுக்குள் அறை வந்தது பாரிஸில். 1960 ஜனவரி 11 முதல் 16 வரை ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 13 பேர் கூடி அல்கால் 60 என்ற மொழியை வடித்தார்கள். பதினான்காவதாக வந்திருக்க வேண்டிய வில்லியம் டுரான்ஸ்கி, கூட்டத்துக்குச் சற்று முன் கார் மோதி இறந்துபோனார். டென்மார்க்கின் பீட்டர் நௌர் தொகுத்த அறிக்கை அவர் நினைவுக்கே காணிக்கையானது. அந்தச் சிறிய அறிக்கையில் தொடக்கம், முடிவு என்று இரண்டு சொற்களுக்கு நடுவே அடைக்கப்பட்ட பிளாக் என்ற ஒன்று இருந்தது. பிளாக்குக்குள் அறிவித்த பேர் அந்தப் பிளாக்கோடு சரி. பிளாக்குக்குள் பிளாக், அதற்குள் இன்னொன்று என்று எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம்.

நம் பழைய வீட்டை நினைத்துக்கொண்டால் போதும். உள் அறையிலிருந்து பார்த்தால் கூடம் தெரியும், திண்ணை தெரியும், தெருவும் தெரியும். தெருவில் நிற்பவருக்கு உள் அறை தெரியாது. உள் அறையில் ஒரு குமார் இருந்தால், அங்கிருந்து "குமாரு" என்று கூப்பிடும்போது தெருக் குமார் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

கம்பைலர் இதை நடத்தும் விதமும் நமக்குப் புதிதில்லை. கணக்குப்பிள்ளைகள் லெட்ஜரைப் பேரேடு என்பார்கள். சிம்பல் டேபிள் என்று கம்பைலர்காரர்கள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை. ஒரு பிளாக் தொடங்கினால் பேரேட்டின் மேல் ஒரு புதுத் தாள் விழும். அங்கே அறிவிக்கும் பேரெல்லாம் அந்தத் தாளில் ஏறும். ஒரு பேர் பயன்பாட்டில் வந்தால் மேல்தாளில் தேடு. இல்லையென்றால் அடுத்த தாள். அதிலும் இல்லையென்றால் அதற்கும் கீழே. கடைசித் தாளிலும் இல்லையென்றால், இப்படி ஒருவரே இங்கே இல்லை என்று பிழை சொல்லி நிறுத்து. பிளாக் முடிந்தால் மேல்தாளைக் கிழி. வேலை முடிந்து இயந்திரத்துக்குப் போகும்போது பேரெல்லாம் எண்ணாகியிருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. அல்காலில் ஒரு செயற்கூறு, அதாவது பேர் வைத்துக் கூப்பிடும் நிரல் துண்டு, தன்னைத்தானே கூப்பிடலாம். அப்படிக் கூப்பிட்டால் ஒரே அறை ஒரே நேரத்தில் ஐந்தாறு பிரதிகளாக நிற்கும். உள்ளே இருப்பவர் "கூடத்தில் உள்ள குமார்" என்றால் எந்தப் பிரதியின் கூடம்? ஆம்ஸ்டர்டாமில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவும் யாப் சோனவெல்டும் அதே 1960 ஆகஸ்டில் எக்ஸ்1 இயந்திரத்துக்கு அல்கால் கம்பைலரை ஓட்டிக்காட்டினார்கள். இந்தச் சிக்கலுக்கு அந்தக் காலத்தில் பிடிபட்ட விடை என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான எண்ணங்களில் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயற்கூறும் இரண்டு கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். ஒன்று, தன்னைக் கூப்பிட்டது யார் என்பது. மற்றது, தான் எந்த வீட்டுக்குள் எழுதப்பட்டோம் என்பது. வேலை முடிந்து திரும்ப முதல் கயிறு. பேர் தேட இரண்டாவது.

இரண்டையும் குழப்பாத கம்பைலர்கள் எத்தனை என்று பார்க்க, 1964-இல் டொனால்ட் நூத் ஒரு குட்டி நிரலை எழுதி விட்டார். ஆளா பையனா என்று கம்பைலரைச் சோதிப்பதாக அதற்குப் பேர். விடை −121 ஆக இருக்கும் என்று அவரே ஊகித்தார். சரியான விடை −67.

இனி பாரிஸ் அறையில் உட்கார்ந்திருந்த இன்னொருவரைப் பார்க்க வேண்டும். ஜான் மெக்கார்த்தி; லிஸ்ப் மொழியைப் படைத்தவர். அல்காலின் 13 பேரில் ஒருவராக இருந்தும், அவருடைய சொந்த மொழி எதிர்ப்பக்கம் போய்விட்டது. லிஸ்ப் நிரலை ஓட்டும் மென்பொருள், ஒரு பேரைக் கண்டால் பட்டியலில் கடைசியாக ஏறியதிலிருந்து தேடிக்கொண்டு போகும். அதாவது கூப்பிட்டவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தேடும். எழுதுவதற்கு மிகச் சுலபம். பெரும்பாலும் விடையும் சரியாகவே வரும். தங்கவயல் கடிதத்தைத் தங்கவயலிலேயே படித்தால் கோளாறு எப்படித் தெரியும்?

ஒரு செயற்கூறை இன்னொன்றின் கையில் கொடுத்து அனுப்பியபோது தெரிந்தது. ஜேம்ஸ் ஸ்லேகல் எழுதிய ஒரு நிரல் தவறான விடை தந்தது. மெக்கார்த்தி இதைச் சாதாரணப் பிழை என்று நினைத்ததாகவும், லிஸ்பை இயந்திரத்தில் ஓடவைத்த ஸ்டீவ் ரஸ்ஸல் சீக்கிரம் சரிசெய்துவிடுவார் என்று நம்பியதாகவும் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ரஸ்ஸல் ஓர் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்: கடிதத்தோடு, எழுதிய ஊரின் வரைபடத்தையும் மடித்து உறையில் வைப்பது. அப்போது சென்னையில் பிரித்தாலும் மாமாவின் கோரமண்டல்தான். 1964-இல் பீட்டர் லாண்டின் இந்தச் சோடிக்கு க்ளோஷர் என்று பேர் வைத்தார்.

ஆனால் உறையில் வரைபடம் வைப்பதை லிஸ்பில் கேட்டால்தான் செய்வார்கள். கேட்காமலே எப்போதும் வைக்கும் லிஸ்ப் வகையாக ஸ்கீம் 1975-இல் எம்ஐடியில் பிறந்தது. ஜெரால்டு சஸ்மனும் கை ஸ்டீலும் செய்தது. 1984-இல் காமன் லிஸ்ப் அதையே பொது விதியாக்கியது. ஈமேக்ஸ் எடிட்டருக்குள் இருக்கும் லிஸ்ப், எழுதிய இடத்துக் கணக்கை ஏற்க 2012 ஆயிற்று.

மற்ற மொழிகளும் அவசரப்படவில்லை. பைத்தானில் உள்ளே எழுதிய செயற்கூறுக்கு வெளிச் செயற்கூறின் பேர்கள் தெரியத் தொடங்கியது 2001-இல், தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட அதே ஆண்டு. ஜாவாஸ்கிரிப்டில் பிளாக்குக்குள் வைத்த பேர் பிளாக்கோடு நிற்கும் வசதி 2015-இல் வந்தது. பாரிஸில் 13 பேர் எழுதிவைத்ததற்கு 55 ஆண்டுகள் கழித்து. இதைத் தாமதம் என்று சொன்னால் போதாது. படிக்காமல் விட்டது என்றே சொல்வேன்.

இந்தப் பேரெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் நிரல்பாகம், பின்கொடு, பதிப்பி என்று கட்டளைகளே தமிழ். அது பைத்தானின் மேல் கட்டப்பட்டது. 2008-இல் வெளியான பைத்தான் 3 முதல், நேரடியாகப் பைத்தானிலேயே மாறிக்குத் தமிழில் பேர் வைக்கலாம். வைத்துப் பாருங்கள், ஒரே ஓர் எச்சரிக்கை. கோரமண்டல் என்று எழுதும்போது முதலெழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைச் சுழிக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தான் இரண்டையும் ஒரே பேராக்கிக்கொண்டு பிறகு தேடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு வேறு கோரமண்டல்கள்.