அதிராசேந்திரனின் முடிவு: நோயா, கலகமா?

வீரராசேந்திரன் இறந்த 1070ஆம் ஆண்டிலேயே அவன் மகன் அதிராசேந்திரனும் மறைந்தான். வேங்கிச் சாளுக்கிய மரபில் வந்த முதற் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறினான். இடையில் நடந்ததை வெளிப்படையாகச் சொல்பவர் பில்கணர் ஒருவரே. மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்து கலகக்காரரை ஒடுக்கினான். கங்கைகொண்ட சோழபுரத்தில் மைத்துனன் அதிராசேந்திரனை முடிசூட்டி, ஒரு திங்கள் தங்கித் துங்கபத்திரைக்குத் திரும்பினான். சில நாளில் பிரகிருதிகளின் பகையால் சோழன் உயிரிழக்க, இராசிகன் (குலோத்துங்கன்) நாட்டைக் கவர்ந்தான் என்கிறார்.

வரலாற்றாசிரியர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. மன்னன் பிணி நீங்கக் கோயிலில் திருப்பதியம் ஓதப்பட்டதைச் சொல்லும் கும்பகோணக் கல்வெட்டைக் கொண்டு, அவன் நோயால் இறந்தான் என்பது அவர் முடிவு. அப்படியானால் குழப்பம் அரசனற்ற நிலையின் விளைவாகிறது. குலோத்துங்கன் மீது பழியும் இல்லை. அவருடைய கல்வெட்டுப் பயிற்சியை மதித்தே சொல்கிறேன்: அக்கல்வெட்டு நோய்க்குச் சான்று, சாவுக்கு அன்று. படுக்கையில் கிடக்கும் அரசனுக்கு எதிராகக் கலகம் மூள்வது இன்னும் எளிது.

பில்கணர் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர், பகைவனைத் தூற்றக்கூடியவர் என்ற மறுப்பிலும் வலுவில்லை. தூற்றுவதே நோக்கமென்றால் கொலைப்பழியை இராசிகன் தலையிலேயே சுமத்தியிருக்கலாம். தம் தலைவன் முடிசூட்டியவன் நெடுநாள் தாங்கவில்லை என்பது தலைவனுக்குப் பெருமை தரும் செய்தியன்று. அதையும் மறைக்காமல் சொல்கிறார். மாறாக, அரசன் இறந்தபின் நாடு சீர்குலைந்தது என்று பாடி, அதிராசேந்திரனைப் பெயர் சொல்லாமல் கடக்கும், குலோத்துங்கன் புகழ் பேசும் கலிங்கத்துப்பரணிக்குத்தான் மறைக்கக் காரணம் உண்டு. இராமானுசரைத் துன்புறுத்திய கிருமிகண்ட சோழன் கதையை இதில் இழுப்பது வீண். அந்தப் பட்டத்தை ஆய்வாளர்கள் வேறு சோழர் தலையிலும் சூட்டிப் பார்த்துவிட்டார்கள்.

என் கவனமெல்லாம் திருவல்லத்துக் கல்வெட்டில். அதிராசேந்திரனின் மூன்றாம் ஆட்சியாண்டு, 200ஆம் நாள் என்று காலம் குறிக்கும் அதில், அதிகாரிகள் காஞ்சியில் இருந்துகொண்டு திருவல்லக் கோயில் கணக்கை வரவழைத்து ஆராய்கிறார்கள். ஊர்களின் வருவாயைக் கோயில் செலவுக்கு வகுக்கிறார்கள். பரணி காட்டும் சீர்குலைவின் சாயல் இதில் இல்லை. குலோத்துங்கனின் தொடக்கக் காலக் கல்வெட்டுகளோ, இராசேந்திரன் என்ற பெயரிலேயே, திருவொற்றியூர், சோமங்கலம், மேற்கே கோலார் எனக் கிடைக்கின்றன. திருவல்லம் முதல் திருவொற்றியூர் வரையான இந்த வடபகுதியில் நிர்வாகம் நெடுங்காலம் நின்றுபோனதாகத் தெரியவில்லை. முறிவு காவிரிக் கரையிலும் தலைநகரிலும்தான் நிகழ்ந்திருக்க வேண்டும். குலோத்துங்கன் மெய்க்கீர்த்தியே அதற்குத் துணை: அவன் நீக்கியது தென்திசைத் திருமகளின் பொதுமையையும் பொன்னி நாட்டு நிலமகளின் தனிமையையும் என்கிறது. பொதுமை என்றால் உரிமை கோரியவர் பலர். தனிமை என்றால் தலைவன் இல்லை. அரசவைப் புகழுரை தன்னையறியாமல் விட்டுச்சென்ற வாக்குமூலமாகவே இதைக் கொள்கிறேன். புனைவு மரபு என்று தள்ளுவோரும் உண்டு.

பகைத்தவர் யார்? பிரகிருதி என்பது குடிமக்களையும் குறிக்கும். அரசியல் நூல்களில் அமைச்சு, படை, பொருள் முதலிய அரசுறுப்புகளையும் குறிக்கும். ஆகவே இதை ‘மக்கள் புரட்சி’ என்று எழுதத் தயங்குகிறேன். அரியணை வெறுமையானதும் என்ன நடந்தது என்பதற்கு இக்கால ஒப்புமை ஒன்று: 2022 சூலை 14 அன்று இலங்கை அதிபர் கோத்தபய பதவி விலகியபின், ஆறே நாளில் அந்நாட்டு நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலை அதிபராகத் தேர்ந்தது. வெறுமையை நிரப்ப எழுதிவைத்த விதி இருந்தது. 1070இல் அப்படியொன்று இல்லை. பெண்வழி உறவும் படைவலியுமே பேசின.

காலக்கணக்கு மட்டும் இணங்க மறுக்கிறது. கல்வெட்டறிஞர் கீல்ஹார்ன் கணிப்பில் குலோத்துங்கன் பட்டமேறியது 1070 சூன் 9. அதிராசேந்திரன் ஆண்டுகள் இளவரசுப் பட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை என்றால், திருவல்லத்து 200ஆம் நாள் தந்தை உயிரோடிருந்தபோதே வந்திருக்கவும் கூடும். அப்படியாயின் காஞ்சியின் அமைதி கலகத்துக்கு முந்தியது. வடபகுதி பற்றிய என் வாதத்தில் பாதி, குலோத்துங்கனின் தொடக்கக் கல்வெட்டுகளை மட்டுமே நம்பி நிற்கும்.