தரங்கம்பாடியின் விதவையும் கோட்டைச் சிறையும்



தரங்கம்பாடி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் மூன்று: 1706-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் கரையேறிய கடற்கரை, தமிழில் அச்சேறிய புதிய ஏற்பாடு, புதிய எருசலேம் ஆலயம். அவர் டேனிஷ் கோட்டையில் சிறையிருந்ததையும் ஞாயிறு பள்ளி நாள்முதல் கேட்டிருக்கிறோம். ஆனால் எதற்காகச் சிறை சென்றார் என்று கேட்டால், "சுவிசேஷத்தினிமித்தம்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தச் சிறைவாசத்திற்கு முன்னே ஒரு விதவையின் கடன் வழக்கு இருந்தது. அந்த வழக்கையும், அது நடந்த சிறு நகரம் ஆளப்பட்ட விதத்தையும் இவ்வாரம் நாம் சிந்திப்போம்.

1620-ஆம் ஆண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு ஓவே கெட்டே என்னும் டேனிஷ் கடற்படைத் தலைவர் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் குடியேற்றம் அமைத்தார். அலைகளை நோக்கியபடி டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. பிற்பாடு ஊரைச் சுற்றி மதிலும் எழுந்தது. மதிலுக்குள்ளே அரசர் வீதியும் அரசி வீதியும் இருந்தன. ஐரோப்பியருக்கென்று 1701-இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயமும் இருந்தது. கடலோரத்தில், பாண்டியர் காலத்தில் எழுப்பப்பட்ட மாசிலாமணிநாதர் கோயில் அவை எல்லாவற்றிற்கும் மூத்ததாய் நின்றது. மீனவரும் நெசவாளரும், இந்து வணிகரும் இஸ்லாமிய வணிகரும், போர்த்துகீசிய வழிவந்த கத்தோலிக்கரும், டேனிஷ் சிப்பாய்களும், அவர்களுடைய வீடுகளில் அடிமைகளும் என்று பல திறத்தார் அச்சிறிய ஊரில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். மிளகும் துணியும் கப்பலேறின, சுங்கம் வசூலானது.

அந்த ஊரை ஆண்டது யார்? ஊரார் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். கோபன்ஹேகனில் இருந்த வணிகக் கம்பெனி நியமித்த ஆளுநரும் அவருடைய ஆலோசனைச் சபையுமே ஆண்டனர். சரக்குக்குக் கணக்கு வைத்தவர்களே வழக்குக்கும் தீர்ப்புச் சொன்னார்கள். சுங்கமும் காவலும் சிறையும் ஒரே கோட்டை வாசலுக்குள் அடங்கியிருந்தன. மேலும், ஆண்டவர்களின் மொழி டேனிஷ். ஐரோப்பியரும் உள்ளூராரும் கலந்து பேசிய பொதுமொழி போர்த்துகீசியம். மக்களின் மொழி தமிழ். ஆகவே ஏழை ஒருவரின் முறையீடு ஆளுநரின் செவியை எட்டவேண்டுமானால், இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கவேண்டும். அவர் எதைச் சொல்கிறாரோ அதுவே முறையீடு. எதை விட்டுவிடுகிறாரோ அது இல்லாமலே போகும்.

இத்தகைய ஊரில் 1706 ஜூலை 9-ஆம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சோவும் வந்திறங்கினர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரடெரிக். கம்பெனிக்கோ அவர்களுடைய வருகை பிடிக்கவில்லை. வணிகம் செய்ய வந்த இடத்தில் வேதம் போதிப்பவர்கள் வந்தால் ஊரில் கலகம் மூளும் என்பது அதன் அச்சம். ஆளுநர் ஹாசியஸ் அவர்களைக் கடுகடுப்போடே வரவேற்றார். ஆனாலும் இருவரும் திரும்பிப் போகவில்லை. போர்த்துகீசியம் கற்றனர். சீகன்பால்கு பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். 1707 மே மாதத்தில் முதல் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. அவர்கள் டேனிஷ்காரரின் வீடுகளில் இருந்த அடிமைகள். 1708 அக்டோபரில் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கம் செய்யத் தொடங்கினார்.

அந்நாட்களில்தான் அந்த விதவையின் வழக்கு அவர் முன் வந்தது. அவள் தமிழ் நாவிதர் ஒருவரின் மனைவி, கணவனை இழந்தவள். இறந்த கணவனுக்கும் மற்றொருவருக்கும் இடையே இருந்த கடன் ஒன்றைக் குறித்தது வழக்கு. எதிர்த்தரப்பில் நின்றவர் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். மக்களின் சொல்லை ஆளுநரிடம் எடுத்துச் செல்லும் வேலையில் இருப்பவரே அவளுக்கு எதிராளி. அவளுக்குப் பொருள் இல்லை, குலப்பெருமை இல்லை, கணவன் இல்லை. ஆளுகிறவர்களின் மொழியும் தெரியாது. அவர்களுடைய மொழி தெரிந்தவரோ மறுபக்கத்தில் நிற்கிறார். அவள் யாரிடம் போவாள்? தமிழும் தெரிந்து, ஆளுகிறவர்களோடு பேசவும் தெரிந்த போதகரிடம் வழக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசினார். ஒருமுறை அல்ல, மீண்டும் மீண்டும் பேசினார். டேனிஷ் ஆலயத்தில் ஆளுநர் முன்பாக முழங்காற்படியிட்டு முறையிடும்படி அவளுக்கு ஆலோசனையும் சொன்னார். ஹாசியஸுக்கு இது பொறுக்கவில்லை. தம் அதிகாரத்தில் ஒரு போதகர் தலையிடுவதாகவே அவர் கண்டார். சீகன்பால்குவைத் தம்மிடம் வரும்படி அழைத்தார். எழுத்துமூலமான அழைப்பு வேண்டும் என்று சீகன்பால்கு பதில் அனுப்பினார். உடனே அவர் கைது செய்யப்பட்டார். விசாரணையில் கேள்விகளுக்குப் பதிலளிக்க மறுத்ததால் டான்ஸ்போர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். 1708-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அந்தச் சிறைவாசம் நான்கு மாதங்களுக்குமேல் நீடித்தது. தமிழாக்கப் பணி தடைப்பட்டது. தொடக்கத்தில் எழுதுகோலும் மையும் மறுக்கப்பட்டன. பின்பு அவை கிடைத்தபோது அவர் சிறையிலிருந்தே நூல்கள் எழுதினார். விடுதலையான பின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711-இல் புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை முடித்தார்.

சீகன்பால்குவைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கம் அல்ல. அப்போது அவருக்கு வயது 26. பிடிவாதமும் அவசரமும் அவரிடம் இருந்தன. ஊரின் அமைதியைக் காப்பது தம் கடமை என்று ஆளுநர் எண்ணியதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சபையின் ஊழியர் எந்த அளவுக்கு நகர நிர்வாகத்தில் தலையிடலாம் என்பது இன்றும் நம்மிடையே பேசப்படும் கேள்விதான். ஆனால் அவர் தமக்கு ஒரு பதவியோ, சபைக்கு ஒரு மனையோ, மிஷனுக்கு ஒரு சலுகையோ கேட்டு அந்த வாசலில் நிற்கவில்லை. ஒரு விதவையின் வழக்கைக் கேளுங்கள் என்றார். அந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதியாத நியாயாதிபதியிடம் ஒரு விதவை ஓயாமல் போய் நியாயம் கேட்கிறாள். நாம் அதை ஜெபத்தைக் குறித்த பாடமாக வாசிக்கிறோம், அது சரியே. ஆயினும் அந்த உவமையிலும் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு நீதிமன்றம் இருக்கிறது, அங்கே தனியாகப் போய் நிற்கும் ஒரு பெண் இருக்கிறாள். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமாக நம்மைத் தொடுகிறது. ஆதி எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தி விசாரணையில் விடுபட்டுப் போனார்கள். அங்கே தவறு நகர நிர்வாகத்தினுடையது அல்ல, சபையினுடையது. அப்போஸ்தலர் அதை மூடி மறைக்கவில்லை. முறுமுறுப்பைக் கேட்டார்கள், பொறுப்பாளர்களைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே சொன்னார்கள்.

தரங்கம்பாடிச் சபையும் பின்னாளில் இதே சோதனையைச் சந்தித்தது. 1718-இல் அரசர் வீதியில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சிலுவை வடிவில் கட்டப்பட்ட அந்த அழகிய ஆலயத்திற்குள் சாதி வேறுபாடு அமரும் இடத்தில் தொடர்ந்தது. உயர்ந்தோர் எனப்பட்டவர்கள் ஒருபுறம், தாழ்த்தப்பட்டவர்கள் மறுபுறம். 1733-இல் ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார், வேளாளர் குலத்தவர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் பாடுபட்டு உழைத்த உபதேசியார் இராஜநாயக்கன், தீண்டாமைக்கு ஆளான குலத்தில் பிறந்தவர். அவருடைய உண்மையையும் திறமையையும் மிஷனரிகள் அறிந்திருந்தனர். ஆனால் அவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து பெறமாட்டார்கள் என்று அஞ்சி, அவருக்குக் குருத்துவம் கொடாமல் விட்டனர். கோட்டை வாசலில் நாவிதரின் விதவைக்காகப் பேசிய சபை, தன் சொந்தப் பீடத்தின் முன்னே வாய் திறக்கவில்லை. நம் முன்னோரின் வரலாற்றை நாம் பெருமையோடு சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிறரிடம் நியாயம் கேட்பது எளிது. நம் வீட்டுக்குள் நியாயம் செய்வது கடினம்.

1845-இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். கோட்டை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஊரோ மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. உறுப்பினர்களை ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016-இல் வந்தது. அன்று ஆளுநர் முன் முழங்காலில் நிற்க ஆலோசனை பெற்றாள் ஒருத்தி; இன்று அவளைப் போன்ற ஒரு பெண் தலைவர் நாற்காலியிலேயே அமர வழி திறந்திருக்கிறது. இது சிறிய மாற்றம் அன்று. கர்த்தருக்கு நன்றி செலுத்துவோம்.

ஆனாலும் மனு எழுதத் தெரியாதவர்கள் இன்றும் நம் தெருவில் இருக்கிறார்கள். விதவை ஓய்வூதியத்திற்கு எந்தச் சான்று வேண்டும், பட்டா மாறுதலுக்கு யாரிடம் போகவேண்டும் என்று அறியாமல் அலுவலக வாசலிலிருந்து திரும்பி வருகிற தாய்மார் நம் ஆராதனையில் கடைசி வரிசையில் அமர்கிறார்கள். அவர்களுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நிற்பவர் சில நேரங்களில் அவர்களிடமே பணம் பறிப்பவராய் இருக்கிறார். நம் சபையிலோ அரசு ஊழியர் உண்டு, ஆசிரியர் உண்டு, வழக்குரைஞர் உண்டு, கைபேசியில் நொடியில் விண்ணப்பம் அனுப்பத் தெரிந்த வாலிபர் உண்டு. தேவன் நமக்குக் கொடுத்த மொழியும் படிப்பும் யாருக்காக?

இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் இருக்கும் ஒரு விதவையின் வீட்டுக்குப் போய், அவருடைய காகிதங்களை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். தேவையானால் அலுவலகத்திற்குத் துணையாகச் செல்லுங்கள். அங்கே மரியாதையோடு பேசுங்கள்; ஆனால் காரியம் முடியும்வரை திரும்பத் திரும்பப் பேசுங்கள். நம் ஆலயத்தில் யார் எங்கே அமர்கிறார்கள், யார் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை என்பதையும் கண்திறந்து பாருங்கள்.

ஜெபம்: திக்கற்ற பிள்ளைகளின் தகப்பனும் விதவைகளின் நியாயத்தை விசாரிப்பவருமான ஆண்டவரே, எங்கள் ஊரை ஆளுகிறவர்களுக்கு நீதியுள்ள இருதயத்தைத் தாரும். பேச முடியாதவர்களுக்காகப் பேசும் தைரியத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் சபைக்குள் நாங்களே அடைத்து வைத்திருக்கும் கதவுகளை எங்களுக்குக் காட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.