நிக்கல் தீவு

பெட்ரோலை விட்டு மின்சாரக் காருக்கு மாறுகிறோம். அதன் பேட்டரிக்கு லித்தியம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பல பேட்டரிகளுக்கு நிக்கலும் வேண்டும் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நிக்கல் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது நூவெல் கலெதொனி. பத்திரிகைகள் நியூ கலிடோனியா என்று எழுதும். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, இன்றும் பிரான்சின் வசமுள்ள தீவு. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் செல்லமாக 'லெ கையூ' என்பார்கள், அதாவது கல். பொருத்தமான பெயர்தான்.

1853ல் பிரான்ஸ் அதைப் பிடித்தது. 1864ல் ழூல் கார்னியே என்ற பொறியாளர் அங்கே பச்சை நிறத் தாதுவைக் கண்டார். 1880ல் 'லெ நிக்கெல்' கம்பெனி தொடங்கியது. அங்கே சுரங்கம் என்றால் பாதாளக் குழி அல்ல, மலையின் தலையைச் சீவுவது. சீவிய செம்மண் மழையில் கரைந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். வேலைக்குத் தீவாந்தரக் கைதிகள், பிறகு ஜப்பானியர், ஜாவாக்காரர், வியட்நாமியர். மண்ணின் மக்களான கனாக்குகள் நிலம் பறிபோவது பொறுக்காமல் 1878ல் அதாய் என்ற தலைவரோடு எழுந்தார்கள். அதாய் கொல்லப்பட்டார். அவர் தலை பாரிசுக்குப் போயிற்று. சந்ததியார் கைக்கு வந்தது 2014ல். 1887 முதல் 1946 வரை கனாக்குகள் ஒதுக்கிய இடத்தைவிட்டு அனுமதியின்றி வெளியேற முடியாது. எங்கள் பூகோளப் புத்தகத்தில் நிக்கல் இருந்தது, அதாய் இல்லை.

1996ல் கனாக் தலைவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: முதலில் எங்களுக்கு மலை, அப்புறம் அரசியல் பேச்சு. கோனியாம்போ மலை கிடைத்தது. வடக்கே எழுந்த ஆலையில் கனாக்குகள் ஆளும் வட மாகாணத்தின் கம்பெனிக்கு 51 சதவீதம், கிளென்கோருக்கு 49. கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். அந்த 51ன் அருமை எனக்குப் புரியும்.

தெற்கே கோரோ ஆலையின் நிக்கல் பேட்டரிக்குப் போகிறது. கோனியாம்போவின் நிக்கல் நம் வீட்டு எவர்சில்வர் வகைக்கு. ஆனால் சந்தை ஒன்றுதான். எவர்சில்வருக்கும் பேட்டரிக்கும் என்று இந்தோனேசியா நிக்கலைக் கொட்டிக் குவித்தது. அதுவும் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரத்தில் உருக்கியது. (கோனியாம்போவும் நிலக்கரியில்தான் ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) விலை சரிந்தது, கடன் ஏறியது. 2024ல் கிளென்கோர் கைவிரித்தது. உலைகள் ஆறின, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அதே ஆண்டில் உலகில் மின்சாரக் கார் விற்பனை முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது.